காயாத பலகை

இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியும் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு விழவில்லை.

ஜீவிதா குனிந்து பார்த்தாள். பிக்கப் வண்டியின் பின்தொட்டியில், பூ மூட்டைகளுக்குக் கீழே விரிக்கிற சணல் சாக்குகளைத் தினமும் நனைப்பது அவள் வேலை. போன மாதம் வரை, ஊற்றிய தண்ணீர் தொட்டி ஓட்டைகள் வழியாக ஒழுகி வேப்பமரத்தடி மண்ணில் குழி பறிக்கும். கோழிகள் வந்து அந்தக் குழிகளில் அலகை நனைத்துக்கொள்ளும். இன்று மண் மாவு மாதிரி கிடந்தது. கோழிகளும் அங்கே இல்லை. தூரத்தில், தொழுவத்து நிழலில் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"ஏங்க, ஊத்துற தண்ணி எங்க போகுது?"

அவள் கணவன் பழனிக்குமார் பானெட்டுக்குள் தலையை விட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். "வெயிலு குடிக்குது. இன்னொரு குடம் ஊத்து, கை தேஞ்சா போயிரும்?"

ஊற்றினாள். சாக்குக்கு அடியில் எங்கேயோ, தாகமெடுத்த மாடு தொட்டியில் வாய் வைப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

சேவுகம்பட்டிக்கு வெளியே அவர்களுக்குச் சம்மங்கித் தோட்டம், ஓரத்தில் கொஞ்சம் செவ்வந்தி. இத்தனை வருடம் அடுத்தவர் வண்டிக்குக் காத்திருந்து பூவை வாடவிட்டது போதுமென்று, பழனிக்குமார் திண்டுக்கல்லில் இந்தப் பழைய வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். முன்பு தோல் குடோனுக்கு, உரித்து உப்புத் தடவிய பச்சைத்தோல் ஏற்றிய வண்டி. வந்த நாளிலிருந்து அவனுக்கு அதுதான் பிள்ளை. பாரம் தாங்குவதற்குப் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்தான். பக்கவாட்டுத் தகரத்தை ஒரு முழம் உயர்த்தினான். தார்ப்பாய் போட வளையக் கம்பி வெல்டிங் செய்தான். துரு ஏறிய கதவுகளைத் தேய்த்து, பட்டி பூசி, ஊதா பெயிண்ட் அடித்து, கதவுக்கொரு சம்மங்கிக் கொத்து வரையவும் வைத்தான். தொட்டியின் தரைப்பலகையை மட்டும் அவன் பிரிக்கவில்லை.

"வேங்கைப் பலகைடி. இப்ப இம்புட்டு கனத்துல எங்க கிடைக்கும்?"

பலகை இடுக்குகளில் உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. மோட்டார் போட்டு, குழாயைப் பிடித்து, ஒரு பகல் முழுக்கக் கழுவினான். சாம்பல் நிறத் தண்ணீர் வாய்க்காலில் போய்க்கொண்டே இருந்தது. பிறகு பலகையின் மேல் இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கி, தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டை போட்டான்.

அதிலிருந்து ஒரு மாதம் வண்டி சமர்த்தாக ஓடியது. அப்புறம்தான் வாடை.

சம்மங்கியின் வாசம் கனமானது, தலையைப் பிடிக்கும். அந்த வாசத்துக்கு அடியில், ஆட்டுக்குடலைக் கழுவிய தண்ணீரை வெயிலில் வைத்ததுபோல், கொழகொழவென்று இன்னொன்று. மூக்கில் படுவதற்கு முன்னால் நாக்கில் படும். ஜீவிதா எச்சிலை விழுங்கக் கூசி, துப்பித் துப்பி வாய் காய்ந்துபோனாள். மார்க்கெட்டில் பூ வாங்குகிறவர் ஒருவர் கேட்டேவிட்டாராம். "பூவுல கவுச்சி அடிக்குது அப்பு, கறிக்கடைக்கா மாலை கட்டப் போறோம்?" பழனிக்குமார் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் மேலேயும் அதே வாடை அடித்தது.

ஒருநாள் சாக்கை விலக்கி, தகட்டின் ஓட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு ஓட்டையிலும் வெளுப்பாக ஏதோ பிதுங்கி நின்றது. பிழிந்த இடியாப்ப மாவு மாதிரி. பூ அழுகி அடைத்திருக்கும் என்று நினைத்து விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவிக் குத்தினாள். மெத்தென்று உள்வாங்கியது. குச்சியை எடுத்ததும் மெதுவாக, மிக மெதுவாக, பழையபடி மேலே வந்தது. குச்சி முனையில் பழுப்பாக நான்கைந்து குறுமுடிகள்.

அவள் குச்சியை எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அன்று இரவு சோற்றைப் பிசையும்போது விரல்களுக்கு நடுவில் அந்த மெத்து வந்தது. தட்டை அப்படியே தள்ளிவைத்தாள்.

"ஏன்டி, வெஞ்சனம் பிடிக்கலையா?" என்று மாமியார் சுந்தரம்மாள் கேட்டாள். "மசக்கையா இருந்தா வாயத் தொறந்து சொல்லு."

"அதெல்லாம் இல்ல அத்தை."

சித்திரை வெயிலில் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்தது. மார்க்கெட் போய்வந்த பழனிக்குமார் மதியத்தில் வண்டித் தொட்டியில் ஈரச்சாக்கின் மேல் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கத் தொடங்கினான். தார்ப்பாய் நிழல், அடியில் ஈரம். முதலில் செத்த நேரம் படுத்தான். அப்புறம் வெயில் தாழும் வரைக்கும். எழுப்பப் போனால் கண்ணைத் திறக்க அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.

அவன் முதுகு எரிகிறது என்றான். எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த ஜீவிதாவின் கை நின்றுபோனது. முதுகு முழுக்க, நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல் நுனிபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பழுப்பாகக் குறுமுடி, அடர்த்தியாக, ஒரே பக்கமாகப் படிந்து. அவள் ஒன்றை நகத்தால் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. வேரில் வெள்ளைக் கொழுப்பு.

"வலிக்குதா?"

"எது?" என்றான்.

"இனிமே வண்டியில படுக்காதீக. எனக்கு என்னமோ பிடிக்கல."

"அங்க படுத்தாத்தான்டி எரிச்சல் அடங்குது. தகடு சூடேறுதுன்னு அதையும் கழட்டிட்டேன். இப்ப பலகை குளுகுளுன்னு இருக்கு."

கழற்றிய தகடு தொழுவத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் அடிப்பக்கத்தில் வரி வரியாக ஜவ்வு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓர் எறும்புகூட அதில் ஏறவில்லை.

மறுநாள் மதியம் மாமியார் தோட்டத்துக்குச் செவ்வந்தி பறிக்கப் போயிருந்தாள். பழனிக்குமார் வண்டியில் படுத்திருந்தான். அவன் போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. ஜீவிதா எடுத்துத் தேடினாள். வண்டியை விற்றவர் பெயர் சூசைமாணிக்கம். அவரே ஓட்டிய வண்டி.

"அண்ணே, நாங்க சேவுகம்பட்டி. உங்ககிட்ட வண்டி வாங்குனவுக வீடு."

"சொல்லும்மா. இன்ஜின்ல எதும் தகராறா?"

"இன்ஜின் நல்லாருக்குண்ணே. தொட்டிப் பலகைதான்... காய மாட்டேங்குது."

"அதப் பிரிச்சு எரிச்சிரு அப்புன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. உப்பாச்சும் கெடக்கா அதுல?"

"கழுவியாச்சுண்ணே. பூ லோடுல்ல. தினம் தண்ணி தெளிக்கிறோம்."

"தண்ணியா?" அவர் குரல் தாழ்ந்தது. "இருவது வருசமா பச்சைத்தோல் ஏத்துன வண்டிம்மா. ரத்தமும் கொழுப்பும் ஜவ்வும் அந்த மரத்துக்குள்ளயே எறங்கிக் கெடக்கு. நடுரோட்டுல மழை புடிச்சாலும் நிறுத்தி உப்பு தூவிட்டுத்தான் நான் கெளம்புவேன். உப்புல கெடந்த தோலு தண்ணியில ஊறுனா மறுபடி பச்சையாயிரும். காலையில உரிச்ச மாதிரி ஆயிரும். குடோன்ல தெனம் பாத்ததுதானே."

"இப்ப என்னண்ணே செய்யுறது?"

"உப்பப் போடு. மூட்டையோட கொட்டு." பிறகு கேட்டார். "அதுல ஆளு யாரும் படுக்கலையேம்மா?"

போனை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

தென்னங்குழிக்குப் போடுகிற கல்லுப்பு அரை மூட்டை இருந்தது, பம்பு செட் அறையில். அதைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாக்கு மண்ணில் உரசிக்கொண்டே வந்தது. வேப்பமரத்தில் ஒரு காக்காய் இல்லை. வண்டியிலிருந்து அடித்த வாடையில் கண் எரிந்தது. பின்கதவில் வரைந்த சம்மங்கிக் கொத்து வெயிலில் மினுங்கியது.

தார்ப்பாயைத் தூக்கினாள்.

பலகை இல்லை. வெளுத்த, ஈரமான, மிருதுவான ஏதோ ஒன்று பக்கத்துக்குப் பக்கம் விரிந்து கிடந்தது. நீல நரம்புகள். அங்கங்கே பழுப்பு முடி. நடுவில் பழனிக்குமார், மல்லாந்து, கண்ணை மூடி.

"ஏங்க. எந்திரிங்க."

"குளுகுளுன்னு இருக்கு," என்றான் கண் திறக்காமல். "நீயும் வா."

அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது. கையோடு தரையும் வந்தது. கூடாரத் துணிபோல் தூக்கிக்கொண்டு, நூல் நூலாக ஜவ்வு இழுபட்டு. அவன் எங்கே முடிகிறான் என்று தேடினாள். முழங்கையில் தேடினாள். விலாவில் தேடினாள்.

ஓரம் இல்லை.

கையை விட்டாள். உள்ளங்கையில் வழுவழுப்பு. சேலையில் துடைத்தாள். உப்பை அள்ளினாள். அவன் கால்மாட்டுக்கு அந்தப் பக்கம், தொட்டியின் மூலையில் வீசினாள்.

மூலை சுருங்கியது.

சுருக்கம் ஓடி வந்தது. அவன் கால் விரல்கள் மடங்கின. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் புடைத்தன. வாய் ஒரு பக்கமாக இழுபட்டது. கண் திறந்தது. பல நாளுக்குப் பிறகு அவன் கண்ணில் அவன் இருந்தான். அவளைப் பார்த்தான்.

"ஜீவி," என்றான். "தண்ணி."

அவள் நின்றாள். கையில் உப்பு.

"தண்ணிடி."

அவன் நெஞ்சுக்குள் ஏதோ முறிகிற சத்தம். சின்னச் சத்தம், காய்ந்த சுள்ளி மாதிரி.

உப்பைக் கீழே போட்டாள். ஓடினாள். குடத்தோடு வந்தாள். ஊற்றினாள். இன்னொரு குடம். இன்னொன்று. உப்பு கரைந்தது. விலா தணிந்தது. மூச்சு சீராக வந்தது. அவன் கண்கள் தானாக மூடிக்கொண்டன. வண்டிக்கு அடியில் மண் காய்ந்தே கிடந்தது.

பொழுது சாய்ந்தபோது வரப்பில் மாமியார் வந்தாள், தலையில் செவ்வந்தி மூட்டை.

"ஏ ஜீவி, அவன் எந்திரிச்சானா? பூ வாடுது. சாக்குக்குத் தண்ணி தெளிச்சியாத்தா?"

"தெளிச்சுட்டேன் அத்தை."

தார்ப்பாயைக் கீழே விடப் போனவள், கை அந்தரத்தில் நிற்க, பார்த்தாள். தொட்டியின் கடைசியில், பின்கதவுக்குப் பக்கத்தில், அவன் காலுக்கும் எட்டாத தூரத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அந்த இடத்துத் தோல், மாடு சிலிர்த்துக்கொள்வதுபோல் ஒரு தடவை வெடுக்கென்று துடித்தது.

அதே நொடியில் பழனிக்குமாரின் கன்னமும் துடித்தது.