மூன்று தட்டு

சனிக்கிழமை மாலை 5.20. ஸ்கூடாய் கோயில் மண்டபத்தில் டோப்பாவைக் காணோம்.

டோப்பா என்றால் நடிகர் தலையில் மாட்டுகிற பொய்முடி. இது தோள் வரைக்கும் சுருள் சுருளாகத் தொங்கும் நரைத்த டோப்பா. எட்டு மணிக்கு நாடகம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு நகைச்சுவை, தமிழில். கடைசிக் காட்சியில் வேலைக்காரி பணக்காரக் கிழவரின் டோப்பாவைப் பிடித்து இழுக்க, எல்லார் குட்டும் உடைபட வேண்டும். டோப்பா இல்லையென்றால் நாடகத்துக்கு முடிவே இல்லை.

“அலமாக்! நானூறு பேர் வராங்க லா!” என்று தலையில் கை வைத்தான் இயக்குநர் லோகேஸ்வரன்.

எல்லாரும் தனலெட்சுமியைப் பார்த்தார்கள். செனாய் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் குவாலிட்டி பார்த்தவள். மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டாள். குழுவில் உடைகள் அவள் பொறுப்பு. கிழவர் வேஷம் அவள் புருஷன் ஐயாசாமிக்கு.

மத்தியானம் பன்னிரண்டுக்கு நாடகச் சாமான்களை வைத்துப் பூசை நடந்தது. எல்லாருக்கும் திருநீறுதான் கிடைத்தது. சிமிழில் ஒரே ஒரு சிட்டிகை குங்குமம் மிச்சம்; அதைக் குழைத்து டோப்பாவுக்குப் பொட்டு வைத்தாள். ஜனங்கள் கண்ணில் படக்கூடாதே என்று, நெற்றியில் படியும் உள்ளோரத்தில் வைத்தாள். பிறகு டோப்பாவைப் பெட்டியில் மூடி ஒப்பனை அறையில் விட்டு வந்தாள்.

வேலைக்காரியாக நடிக்கும் ரூபினி அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து வசனம் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“மூணு பேர்தான்க்கா உள்ள போனாங்க. ஜீவன், தேவானந்தன் ஐயா, அப்புறம் நம்ம ஐயாசாமி அண்ணன். மூணு பேர் கையிலயும் பை இருந்துச்சு.”

5.35. ஜீவன், மாற்று நடிகன். கிழவர் வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம்.

“எதுக்குப் போன?”

“சார்ஜர் எடுக்கக்கா.”

“கிழவர் வேஷத்து மேல ஆசையா?”

“ஆசைதான். ஆனா டோப்பாவைத் தூக்கிட்டா நான் மட்டும் எதை மாட்டி நடிக்கிறது?”

அதுவும் நியாயம்தான்.

5.45. தேவானந்தன், மொழிபெயர்ப்பாளர். எழுபத்தாறு வயது, கோர்ட்டில் துபாஷியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டுக் கூத்தடித்தான் லோகேஸ்வரன். மிஞ்சியது ஒன்றுதான்: பிரான்சில் திரை விலகுமுன் மேடையைக் கம்பால் மூன்று தடவை தட்டுவார்களாம். அந்த வேலையை மட்டும் ஐயா கேட்டு வாங்கிக்கொண்டார். நேற்றுச் சண்டையில், “இந்த நாடகம் ஏறாமலே போகட்டும்” என்று அவர் சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

“கோவத்தில சொன்னனான், பிள்ளை. நான் எடுக்கேல்லை. என்ர வசனத்தை வெட்டினீங்கள், பொறுத்தன். கள்ளன் எண்ட பேர் மட்டும் வேண்டாம்.”

“ஐயா, போலீஸ் வேணாம்னு பார்க்கிறேன். நீங்க கிளம்புங்க,” என்றான் லோகேஸ்வரன். ஐயா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பாவமாக இருந்தது.

5.55. ஐயாசாமி மூலையில் வசனத்தாளோடு உட்கார்ந்திருந்தார். விசிறிக்குப் பின்னால் வசனச் சீட்டு, சட்டைக் கைக்குள்ளும் சீட்டு.

“நீங்க உள்ள போனீங்களா?”

“இல்லியே, தனம்.”

“ரூபினி பார்த்திருக்கா. அதுக்குள்ள மறந்தாச்சா?” என்று சிரித்தாள் தனலெட்சுமி. அவர் நெற்றித் திருநீற்றுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில் சிவப்பாக ஏதோ ஈஷியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

6.10. குப்பைத்தொட்டி, சாக்கடை, கார்களின் பின்பெட்டி எல்லாவற்றையும் கிளறினார்கள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் தனலெட்சுமிக்கு உறைத்தது. பூசையில் வைத்த பொருள்! நம்மில் யார் அதைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுவார்கள்? தரையில் வைக்கக்கூட மனசு வராதே!

மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஒரு கூடை தொங்கும். சாமிக்குப் போட்ட மாலைகள் வாடியதும் ஆற்றில் விடுவதற்காக அதில் சேரும். வாடிய மல்லிகைக்கு அடியில், வெள்ளைத் துண்டில் பத்திரமாகச் சுற்றி இருந்தது டோப்பா. உள்ளோரத்தில் பொட்டு கலைந்து ஈஷியிருந்தது.

தனலெட்சுமி குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். அதே சிவப்பு. அடக்கடவுளே என்று மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டிருக்கும் என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வாசலில் தேவானந்தன் வாடகைக்காருக்காக நின்றுகொண்டிருந்தார். அவரோடு ஒருவரும் பேசவில்லை.

6.40. ஐயாவையும் உள்ளே கூப்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

“ஐயா எடுக்கல. எடுத்தது எங்க வீட்டுக்காரர்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“கையில தூக்கினவங்களுக்கு நெத்தியில குங்குமம் ஒட்டாது, லோகேஸ். தலையில மாட்டினவருக்குத்தான் ஒட்டும். இன்னைக்கு டோப்பாவைத் தவிர யாருக்கும் குங்குமம் கிடைக்கல. அவர் நெத்தியில இருந்ததை நான்தான் துடைச்சேன். இந்தா பாரு.” முந்தானையை விரித்துக் காட்டினாள்.

ஐயாசாமி தலையை நிமிர்த்தவில்லை.

“கண்ணாடி முன்னால மாட்டிப் பார்த்தேன், தனம். மாட்டினா வசனம் வந்துடும்னு நெனச்சேன். முதல் வரியே வரல. டோப்பா இல்லைன்னா நாடகம் நின்னுரும், மானம் தப்பிக்கும்னு...”

“எத்தனை நாளா இப்படி?”

“நாலு மாசமா.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னேனே. மாசாய்ல உன் தங்கச்சி வீட்டுக்கு வழி தெரியாம நின்னேன்ல, அன்னைக்கு. நீ சிரிச்ச.”

சிரித்தாள்தான். குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். முகம் தெரியாதவன் செய்த பொருளில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்தவளுக்கு, பக்கத்தில் படுத்திருந்த மனுஷன் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்து நினைத்து அழுதாள்.

லோகேஸ்வரன் ஐயாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். அவர் நேராக ஐயாசாமியிடம் போய்த் தன் கம்பை நீட்டினார்.

“இதை நீங்கள் பிடியுங்கோ. மூண்டு தட்டு. வசனம் ஒண்டும் இல்லை.”

8.00. டோப்பாவை மாட்டிக்கொண்டு ஜீவன் மேடையில் நின்றான். விளக்குகள் அணைந்தன. திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.

ஐந்து.

நகைச்சுவை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து மண்டபமே சிரித்தது. தனலெட்சுமி ஓடிப்போய், ஆறாவது தட்டுக்கு ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள்.