தங்கையின் நாற்காலிக்கு ஆறாவது ஆள்

செத்துப்போன தங்கையின் நாற்காலிக்கு ஆள் எடுக்க, அண்ணனே கேள்வி கேட்க வேண்டும்!

கொடுமைதான். ஆனால் அந்தக் கம்பெனியில் டேட்டாபேஸ் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். மூன்று மாதத்துக்கு முன்னால் தங்கை தன் வீட்டு ஹாலில் மண்டை உடைந்து கிடந்தாள். நகையும் லேப்டாப்பும் காணவில்லை. திருடன் வேலை என்றது போலீஸ். திருடன் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

அண்ணனுக்குப் பக்கத்தில் தங்கையின் கணவர். ஆள் எடுக்கும் பிரிவின் மேனேஜர். மூன்று மாதத் தாடி.

"நாலு மணி ஆச்சு மச்சான். இன்னும் ஒருத்தன்தான்."

"வரச்சொல்லுங்க மாப்பிள்ளை."

காலையிலிருந்து ஐந்து பேர். ரெஸ்யூமேயில் சூரப்புலிகள்! கேள்வி கேட்டால் திருதிருவென்று விழித்தார்கள். "பேக்கப் எங்கே வைப்பீங்க?" என்றதற்கு ஒருவன், "பீரோவுல சார்" என்றான்.

ஆறாவது ஆள் இரவல் டையுடன் வந்து உட்கார்ந்தான்.

"டேட்டாபேஸ் திடீர்னு படுத்துடுச்சு. முதல்ல என்ன செய்வீங்க?"

"உங்களுக்குப் போன் பண்ணுவேன் சார்."

மாப்பிள்ளை சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டியவன் அப்படியே உறைந்து போனான்.

'ஜிம்மிசிங்க் மென்பொருளில் ஆறு வருட அனுபவம்.'

ஜிம்மிசிங்க்!

அப்படி ஒரு மென்பொருள் உலகத்திலேயே கிடையாது! அண்ணனும் தங்கையும் கட்டிவிட்ட கதை அது. அளந்துவிடும் ஆசாமிகளிடம், "ஜிம்மிசிங்க் தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியும் என்றால் ஆள் அவுட்!

அவள் கடைசியாகப் பேசியது அண்ணனின் காதில் ஒலித்தது.

"அண்ணா, வேற ஊர்ல வேலை தேடறேன். காரணத்தை நேர்ல சொல்றேன். ரெஸ்யூமே எழுதி முடிச்சுட்டேன், ராத்திரி அனுப்பறேன். அதுல ஒரே ஒரு பொய் இருக்கும். கண்டுபிடி பார்ப்போம்!"

ராத்திரிக்குள் அவள் இல்லை. ரெஸ்யூமேயும் வரவில்லை.

இதோ வந்திருக்கிறது... எவனோ ஒருவன் பெயரில்!

கண்டுபிடிச்சுட்டேன்டா குட்டி... எழுத்துகள் கண்ணீரில் மங்கின.

"ஜிம்மிசிங்க் தெரியுமா?" என்று கேட்டான்.

"அத்துப்படி சார்!"

அண்ணன் எழுந்து கதவைத் தாழிட்டான்.

"இது என் தங்கச்சியோட ரெஸ்யூமே. அவளைக் கொன்னவன் எடுத்துட்டுப் போன லேப்டாப்புல இருந்தது. உனக்கு எப்படிக் கிடைச்சது?"

ஆறாவது ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார்! எனக்கு டேட்டாபேஸே தெரியாது சார்! ஆன்லைன்ல பழைய லேப்டாப் ஒண்ணு வாங்கினேன். எல்லாத்தையும் அழிச்சுதான் அனுப்பியிருந்தாங்க. ஆனா அதோட ரீசைக்கிள் பின் குப்பைத்தொட்டியில இது கிடந்துச்சு. பேரையும் கம்பெனியையும் மட்டும் மாத்தினேன் சார்!"

"வித்தது யாரு?"

"நேர்ல பார்க்கல சார். கூரியர்ல வந்துச்சு. நம்பர் மட்டும் இருக்கு."

"போன் போடு!"

"வேணாம் மச்சான்... போலீஸ் பார்த்துக்கட்டும்..." மாப்பிள்ளை அவசரமாக எழுந்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. நீ போடுப்பா."

ட்ர்ர்ர்... ட்ர்ர்ர்...

மாப்பிள்ளையின் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது.

அதிர்ந்தது, அவருடைய பைக்குள் இருந்த இன்னொரு போன்!

அது அடித்து ஓய்ந்தது.

"இந்த ரெண்டாவது போனை... அவ பார்த்துட்டாளா?"

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். "அதுல இன்னொருத்தி மெசேஜைப் பார்த்துட்டு, விட்டுட்டுப் போறேன்னு சொன்னா மச்சான்... கோபத்துல தள்ளிட்டேன்... திருட்டு மாதிரி இருக்கட்டும்னுதான் நகையையும்..."

"என் தோள்ல விழுந்து அழுதீங்களே! மூணு நாள் சாப்பிடலைன்னு இந்தக் கையால ஊட்டி விட்டேனே மாப்பிள்ளை!"

அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதான். தங்கை செத்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். மாப்பிள்ளையை ஜீப்பில் ஏற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரி சார். அதென்ன ஜிம்மி?"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க வீட்டு நாய் சார். அவதான் செல்லம் கொடுத்து வளர்த்தா. அது செத்து இருபது வருஷம் ஆச்சு. உயிரோட இருந்தவரைக்கும் ஒரு திருடனைப் பார்த்துக்கூடக் குரைச்சதில்ல... இன்னைக்குத்தான் சார் முதல் தடவையா ஒருத்தனைக் கவ்வியிருக்கு!"