பிரைஸ் துரை கல்லறைக் குச்சி

சகாயராஜுக்கு வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. பசுந்தாங் அரிசிக் கிடங்கில் இருபது வருஷமாய் மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள்வலி புதிதில்லை. ஆனால் இது இறக்கியபின் வரும் வலியில்லை. சுமை இன்னும் மேலேயே இருக்கிற வலி. இன்றைக்கு அவன் வேலைக்கே போகவில்லை.

நேற்று போனது ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் த்வாண்டேவுக்கு. வேல்ஸ் நாட்டுக்காரி ஒருத்தி தன் வம்சத்தைத் தேடுகிறாள். அவள் கொள்ளுத்தாத்தா பிரைஸ் துரைக்கு அங்கே கால்வாயோரம் மூவாயிரம் ஏக்கர் நெல் எஸ்டேட் இருந்ததாம். கல்லறையைப் படம் எடுத்து அனுப்பும் வேலையை மைத்துனன் ஜோஸ் பிடித்துக் கொடுத்திருந்தான். கல்லைப் பாசி மூடியிருந்தது. பக்கத்துச் சேற்றில் ஒன்பது மூங்கில் குச்சிகள் வரிசையாய் நின்றன, இப்போதுதான் சீவி நட்டதுபோல. ஒன்றைப் பிடுங்கி எழுத்திலிருந்த பாசியைச் சுரண்டினான். முடிந்ததும் கை, பழக்கத்தில், குச்சியைச் சட்டைப்பையில் செருகியது.

கிடங்கில் அப்படித்தான். மூட்டை தோளில் ஏறும்போது மேஸ்திரி ஒரு குச்சி நீட்டுவார். வாங்கிவிட்டால் சுமை உன்னுடையது. சேரும் இடம் சேராமல் இறக்கக் கூடாது.

மத்தியானம் வானம் இருட்டி மழை கொட்டியது. கரண்டும் போயிற்று. தகரத்தில் அறையும் மழைக்கும் கீழ்வீட்டில் வதக்கும் ஙாப்பி மீன்விழுதின் நெடிக்கும் நடுவே, கால்வாய்ச் சேறும் ஊறிய கோணியும் அழுகிய வைக்கோலும் கலந்த ஒரு வாடை அவன் காதோரத்திலிருந்தே கிளம்பியது.

"என்னாங்க, முதுகெல்லாம் ஈரமா இருக்கு?" ரெபேக்கா துண்டால் துடைத்தாள். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. "துரை வந்து ஏறி உக்காந்துட்டாரா?"

"துரைக்கு என் தோளுதான் கெடச்சுதா? நாளைக்கு இது எழும்பலேன்னா மேஸ்திரி வேற ஆள வெச்சிருவாரு. உலைக்கு என்ன பண்ணுவ?"

போன் அடித்தது. ஜோஸ்.

"மச்சான், அந்தம்மா பழைய எஸ்டேட் மேப் அனுப்பிருக்கு. அதுல ஒரு குறிப்பு இருக்கு, கால்வாய்க் கரை ஒடஞ்சப்போ மூட்டை தூக்கின நம்மாளுங்க ஒன்பது பேரு சேத்துல பொதஞ்சிட்டாங்களாம். எடுத்து எங் கல்லறைக்குப் பக்கத்துலயே அடக்கம் பண்றேன்னு துரை கையெழுத்துப் போட்டு, எடமும் விட்டிருக்காரு. பண்ணாரான்னு கேக்குது. ஒன்பது குழி பாத்தியா?"

"குழி இல்லடா," என்றான் சகாயராஜ். "குச்சிதான்."

போனை வைத்தான். பையிலிருந்த குச்சியை எடுத்தான். சொதசொதவென்று நனைந்திருந்தது. ஜன்னல் வழியே மழையில் விட்டெறிந்தான்.

பாரம் இறங்கவில்லை.

ஏறியது.

முழங்கால் மடிந்தது. கழுத்தைச் சுற்றி ஏதோ குளிர்ந்தது. விரல்கள். பிடி இறுகியது, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறவன் பிடி.

"ரெபேக்கா. வெளிச்சம்."

அவள் மெழுகுவத்தி ஏற்றினாள். ஏற்றியவள் அசையவில்லை. அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

அவன் நிழல் குனிந்திருந்தது. அதன் தோளுக்கு மேல் ஒரு தலை. அந்தத் தோளுக்கு மேல் இன்னொன்று. அதற்கு மேல். அதற்கும் மேல். கூரையில் முட்டி மடங்கி, மறுசுவரில் இறங்கி.

சட்டைப்பை கனத்தது. தொட்டான். ஈரம். எண்ணினான். ஒன்பது குச்சிகள்.

கால்வாய்ச் சேற்றிலிருந்து துரை விட்டுவைத்த இடத்துக்குச் சுமந்து சேர்க்க வேண்டிய பிணங்கள் ஒன்பது. இறக்கியது ஒன்றுகூட இல்லை.