பையில் இருந்த மூச்சு

காலைப் பணி முடிந்து நர்ஸ் வீடு திரும்பியபோது வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் கணவனின் பட்டறை மேசையில் ஒரு பேக்பைப் கிடந்தது. தோல்பை கறுத்து, மரக்குழல்கள் நிறம் மங்கியிருந்தன. குழல் வாய்களில் தக்கை அடைத்திருந்தது. பை மட்டும் உப்பியிருந்தது.

"யாருது?"

"ஒரு அம்மா கொண்டுவந்து போட்டாங்க. அவங்க அண்ணன் வாசிச்சதாம். பொண்டாட்டியைக் கொன்னுட்டு அவனும் செத்துட்டானாம். சரிபண்ணி வித்துடுங்கன்னாங்க."

"உங்களுக்குன்னு வந்து சேருது பாருங்க."

"கொன்ன அன்னிக்கு அவன் ஊதி அடைச்ச தக்கையாம். ஏழு வருஷமா பை இறங்கல. என்ன தையல் பாரு."

அவள் பழைய சோபாவில் சாய்ந்தாள். பதினாறு வருடங்களாக அவன் வாசிப்புதான் அவளுக்கு மருந்து. எட்டு மணி நேரம் அவசரப் பிரிவில் நின்றுவிட்டு வருவாள். அவன் பையை அக்குளில் இடுக்கி ஊதுவான். மெட்டுக்கு அடியில் ஓயாமல் ஓடும் ஒற்றைச் சுருதியில் தலைவலி கரையும். மாடியில் இருக்கும் அவள் தம்பி கதவை அறைந்து சாத்தும் சத்தமும் அந்த இசையில் சேர்த்தி.

"தூங்கிட்டா எழுப்பாதீங்க."

"குறட்டை விட்டா எழுப்புவேன். சுருதி சேராது."

ஊதுகுழலுக்குள் ஒரு தோல் நாக்கு உண்டு. உள்ளே போன காற்றை அது திரும்ப விடாது. அதைச் சோதிக்க அவன் எப்போதும் குழலை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்ப்பான். இன்றும் தக்கையைப் பிடுங்கி உறிஞ்சினான். நாக்கு இற்றுப்போயிருந்தது. பையின் காற்று அவன் நெஞ்சுக்குள் போனது.

இருமினான். "நாறுது."

அவளுக்கும் வாடை வந்தது. ஈரத் தோல், புகையிலை, பழைய ரத்தம். ரத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மற்றத் தக்கைகளையும் பிடுங்கிவிட்டு வாசித்தான். அவன் வாசித்தறியாத மெட்டு. ஆனாலும் இதமாக இருந்தது. அவள் கண்களை மூடினாள்.

சுருதி நெருங்கி வந்தது.

காதருகே வந்தது.

கழுத்தில் ஒரு கை வளைந்தது.

பையை இறுக்குவதுபோல், அவள் தலையை அக்குளில் இடுக்கி, நிதானமாக இறுக்கியது. பேக்பைப் தரையில் கிடந்தது. அவன் வாயில் குழல் இல்லை.

இசை நிற்கவில்லை.

"ஏங்க..."

அதற்கு மேல் மூச்சு இல்லை. அவள் கை மேசையைத் துழாவியது. தோல் தைக்கும் குத்தூசி அகப்பட்டது. அவன் விலாவில் இறக்கினாள். பிடி தளரவில்லை. மறுபடி இறக்கினாள். மூன்றாவது குத்தில் அவன் சரிந்தான்.

"நான் இல்லடி," என்றான். சட்டை நனைந்துகொண்டிருந்தது. பிறகு மார்பு அசையவில்லை.

அவள் யோசிக்கவில்லை. வேலையில் பழகியதைச் செய்தாள். அவன் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். மார்பு ஏறியது. இறங்கும்போது அந்தக் காற்று அவள் வாய்க்குள் திரும்பியது.

ஈரத் தோல். புகையிலை.

தம்பி படியிறங்கி ஓடிவந்தான். "அக்கா, என்னக்கா இது. மாமாவுக்கு என்னாச்சு?" மண்டியிட்டு அவளை அணைத்துத் தூக்கப் பார்த்தான்.

கிட்ட வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சுருதிதான் வந்தது.

அவளுடைய இடது கை உயர்ந்து தம்பியின் கழுத்தைச் சுற்றி வளைந்தது.