அறுபதுக்குக் கீழே

புதிதாக நிறுவிய புள்ளியியல் மென்பொருளுக்குப் பழைய நினைவு இருக்கக் கூடாது. ஆனால் உஷாராணி அதை முதன்முதலாகத் திறந்தபோது, பதிப்பு எண்ணும் உரிம வாசகங்களும் வரிசையாக வந்து முடிந்தபின், கடைசியில் ஆங்கிலத்தில் இன்னொரு வரி வந்து நின்றது. முன்பு சேமித்த வேலை மீட்கப்பட்டது என்றது அது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க் தீபாவளிக்கு மறுநாள் எரிந்துபோனது. நேரு பிளேஸ் கணினிக் கடையில் கொடுத்துப் புதிது போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதில் மீட்பதற்கு எதுவுமே கிடையாது. மேலும், பணியில் இருந்த காலத்தில் ஒவ்வொரு நாளும் மென்பொருளை மூடும்போது 'சேமிக்கவா?' என்று அது கேட்க, வேண்டாம் என்றே பதில் கொடுத்துப் பழகியவள் அவள்.

பகல் இரண்டரை மணி. கரோல் பாகின் அந்த மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் மாதப் புகை பழுப்பாகத் தேங்கி, எதிர்க் கட்டடத்தின் பால்கனிக் கம்பிகளை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் தின்றிருந்தது. கீழே சர்க்கரைவள்ளி சுடும் வண்டியின் கரி வாசனையும் யாரோ இரும்பை அறுக்கும் கூர்மையான ஓசையும் மூடிய கண்ணாடியையும் மீறி உள்ளே வந்தன. மூலையில் ஏர் ப்யூரிஃபையர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. மகள் ஷ்வேதா குருகிராமில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை வருவாள்.

நினைவில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, உள்ளவற்றைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினாள். ஒரே ஒரு பெயர் வந்தது. ஆங்கில எழுத்துகளில், தமிழ்ச் சொல். மூச்சு.

அவள் தன் வேலையில் எதற்கும் தமிழில் பெயர் வைத்ததில்லை.

தொலைபேசி அடித்தது. சுரேஷ்குமார், அவள் ஓய்வு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். மதுரைக்காரர், தில்லியில் முப்பது வருடம். நிறுவி முடித்தாயிற்றா என்று விசாரித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அறிக்கையை ஒரு விசாரணைக் குழு மறுபடி கேட்டிருந்தது. பழைய பதிப்பில் ஓட்டிய கணக்கை ஏற்க மாட்டோம், இன்றைய பதிப்பில் ஓட்டிக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ப்ரோக்ராமை எழுதியவள் உஷாராணி. எனவே, வேலையை விட்ட பிறகும் அது அவளையே தேடி வந்தது.

"அதே டேட்டா, அதே ப்ரோக்ராம் மேடம். புது வெர்ஷன்லயும் அதே ரிசல்ட்தான் வருதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க. அஞ்சு மணிக்குள்ள. பேக்கேஜ் எல்லாத்தையும் அப்டேட் பண்ணிக்கோங்க, அச்சா?"

சரி என்றாள். மூச்சைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

அந்த அறிக்கை, கொரோனாவின் இரண்டாம் அலையின்போது ஒரு கல்யாண மண்டபத்தில் அவசரமாகத் திறந்த தற்காலிக வார்டைப் பற்றியது. இருபத்து மூன்று கட்டில்கள். ஒவ்வொரு நோயாளியின் விரலிலும் ஒரு கிளிப். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அது நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துகொண்டேயிருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நடுப்பகலில் ஆக்சிஜன் குழாயின் அழுத்தம் விழுந்தது. முக்கால் மணி நேரத்தில் இருபத்து மூன்று பேரும் இறந்தார்கள். பதினான்காம் கட்டிலில் இருந்தவர் உஷாராணியின் கணவர் ராமசுப்ரமணியன்.

அந்த முக்கால் மணிக்குள் அவர் ஒரு தடவை அவளுக்குப் போன் செய்தார். "உஷா, காத்து வரலை. யார்கிட்டயாவது சொல்லு." அவள் சொன்னாள். பதினோரு எண்களை அழைத்தாள். ஒன்பது எடுக்கப்படவேயில்லை. எடுத்த இருவரும் காத்திருக்கச் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்துத் துக்கம் கேட்க வந்த சுரேஷ்குமார் முகக்கவசத்தைக் கழற்றாமல், கொடுத்த காபியைத் தொடாமல், வந்த விஷயத்தைச் சொன்னார். அந்த அளவுகளை வைத்து ஒரு அறிக்கை வேண்டும். அழுத்தம் விழுந்தது அதில் தெரியக் கூடாது. "நீங்க செஞ்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க மேடம். உங்க வீட்டுக்காரரும் அதுலதானே போனாரு." அவர் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியத்தின் கசப்பு இன்னும் அவள் நாக்கில் இருந்தது. ஆனால் அவள் செய்தாள். ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. அறுபதுக்குக் கீழே வரும் எந்த அளவும் கருவிக் கோளாறு, அதைக் காலியாக்கு. அவ்வளவுதான். விழுந்த எண்கள் எல்லாம் மறைந்தன. மனிதர்கள் மூச்சுத் திணறிச் சாகவில்லை. கருவி சரியாக வேலை செய்யவில்லை. செப்டம்பரில் அவள் துணை இயக்குநரானாள். அறையும் காரும் கொடுத்தார்கள். போனவர் எப்படியும் திரும்பப் போவதில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை, ஷ்வேதாவிடம்கூட.

மென்பொருளின் துணைத் தொகுப்புகளைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். எல்லாமா, சிலவா, வேண்டாமா என்று கேட்டது. எல்லாம் என்றாள். பெயர்கள் கடகடவென்று மேலேறி ஓடத் தொடங்கின. இறங்குகிறது, பிரிகிறது, சரிபார்க்கப்படுகிறது. அந்த ஓட்டத்தின் நடுவே, எங்கோ தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

சமையலறைக் குழாய் என்று நினைத்து எழுந்து போனாள். குழாய் காய்ந்திருந்தது. குடிநீர் வடிகட்டும் இயந்திரமும் நின்றிருந்தது. குளியலறையில் வாளி நிறைய அசையாத தண்ணீர். சத்தமோ நிற்கவில்லை. மெல்லிய, இடைவிடாத குமிழிச் சத்தம். ஆக்சிஜன் குழாயை ஈரப்படுத்த ஒரு புட்டியில் நீர் நிரப்பி வைப்பார்களே, அதற்குள் காற்று போகும்போது வரும் சத்தம் அது. வார்டில் சேர்ப்பதற்கு முன் இரண்டு நாள் இந்த வீட்டின் படுக்கையறையில் அந்தச் சத்தம் இருந்தது. அதைத் தாலாட்டாக வைத்து அவள் தூங்கியிருக்கிறாள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதைத் திறக்காமல் வந்து உட்கார்ந்தாள்.

புதுப்பிப்பு முடிந்திருந்தது. மூச்சு என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு அட்டவணை. இருபத்து மூன்று பத்திகள். எல்லாப் பத்திகளும் காலி, பதினான்காவதைத் தவிர. அதில் மட்டும் எண்கள். 94. 94. 93. 92. இடப்பக்கம் ஒவ்வொரு வரிக்கும் தேதியும் நேரமும்.

இன்றைய தேதி. கடைசி வரி, 3:07.

கணினியின் மூலையில் மணி 3:07.

மறுபடி தட்டினாள். 3:08 என்று ஒரு வரி கூடியிருந்தது. 91.

யாரோ விளையாடுகிறார்கள். அலுவலகத்தில் யாரோ இந்தக் கணினிக்குள் நுழைந்து விளையாடுகிறார்கள். வைஃபையை அணைத்தாள். அந்த அட்டவணையை அழித்தாள். பட்டியல் காலியாயிற்று. மூடித் திறந்தாள். முன்பு சேமித்த வேலை மீட்கப்பட்டது. 3:12. 88.

மென்பொருளையே நீக்கினாள். கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கையில் வைத்தபடி இருபது வரை எண்ணினாள். திரை கறுப்பாக இருந்த அந்த நேரத்தில் குமிழிச் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. திரும்பவும் மாட்டி, இறக்கி வைத்திருந்த கோப்பிலிருந்து முதலிலிருந்து நிறுவினாள். பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்தது. அறையில் சானிடைசரின் சாராய வாடை. அதற்கடியில் காய்ச்சல் உடம்பின் புளித்த வாடை.

முன்பு சேமித்த வேலை மீட்கப்பட்டது.

3:41. 79.

ஷ்வேதாவுக்குப் போன் செய்தாள். பின்னால் பலர் பேசும் சத்தம். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன். கோயி ப்ராப்ளம்? சாயந்திரம் கால் பண்றேன்." ஒன்றுமில்லை என்றாள். உண்மையில் என்ன சொல்வது? உன் அப்பாவுக்கு எழுபத்தொன்பது என்றா?

எழுந்து வெளியே போய்விடலாம். மெட்ரோவில் ஏறி எங்காவது போகலாம். ஆனால் அவள் போகவில்லை. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். முப்பத்திரண்டு வருடப் பழக்கம் அவளை நாற்காலியில் அழுத்தி வைத்திருந்தது. வைஃபையை இணைத்தாள். சுரேஷ்குமார் அனுப்பியிருந்த பழைய தரவை இறக்கினாள். ப்ரோக்ராமைத் திறந்தாள். அந்த ஒரு வரி அங்கேயே இருந்தது. அறுபதுக்குக் கீழே, காலி.

4:20. 66.

இப்போது குமிழிச் சத்தத்தோடு வேறொன்றும் கேட்டது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால். இழுக்கும் மூச்சு. விடாமல் இழுத்து, போதாமல், மேலும் இழுக்கும் மூச்சு.

4:26. 63.

அந்த வரியை நீக்கலாம். ஒரு விசை. ஒரே ஒரு விசை. நீக்கினால் எல்லாம் தெரிந்துவிடும். குழுவுக்குத் தெரியும். ஷ்வேதாவுக்குத் தெரியும். துணை இயக்குநர் உஷாராணி தன் புருஷன் செத்ததைக் கருவிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தவள் என்று ஊருக்கே தெரியும்.

விரலை விசைமேல் வைத்தாள்.

4:31. 61.

போன் அடித்தது. எடுத்தாள். "மேடம், ரெடியா?" என்றார் சுரேஷ்குமார்.

"ரெடி சார்."

ப்ரோக்ராமை ஓட்டினாள். கணக்கு ஓடி நின்றது. அதே முடிவு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த அதே முடிவு, தசமப் புள்ளி பிசகாமல். ஒரு வரி எழுதினாள். அனுப்பினாள்.

4:33. எண் இல்லை. அந்த இடம் காலி.

குமிழிச் சத்தம் நின்றது.

இழுக்கும் மூச்சும் நின்றது. ப்யூரிஃபையர்கூட நின்றிருந்தது. தெருவில் இரும்பு அறுப்பவன் நிறுத்தியிருந்தான். முடிந்தது என்று நினைத்தாள். முடிந்தது. அழக்கூடத் தோன்றவில்லை. மென்பொருளை மூடினாள். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றாள்.

மறுபடி கேட்டது. சேமிக்கவா?

வேண்டாம்.

சேமிக்கவா?

திரை தானாக அட்டவணையைத் திறந்தது. பதினான்காவது பத்தி காலி. பக்கத்தில் பதினைந்து. அதில் ஒரு எண் விழுந்தது. 94. பதினாறு. 95. மூன்று. 93. ஒன்று. இருபது. ஒன்பது. ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும்.

அழைப்பு மணி அடித்தது.

மனிதர்கள். யாராவது ஒரு மனிதர். வாட்ச்மேனாக இருக்கும். கூரியராக இருக்கும். அவள் ஓடினாள். நாற்காலி சாய்ந்தது. தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்தாள்.

மாடிப்படியில் புகை நிறைந்திருந்தது. படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள். பெண்கள். பச்சை ஆஸ்பத்திரி அங்கி. எல்லார் வாயும் திறந்திருந்தது. யார் நெஞ்சும் அசையவில்லை. வளைவைத் தாண்டியும் இருந்தார்கள். எல்லாரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

அவள் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது.

வெறுங்கால் நடை. மெதுவாக. சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிற நடை. அவள் திரும்பவில்லை. கழுத்தில் குளிர்ந்த காற்றுகூடப் படவில்லை. அந்த வாயில் காற்றே இல்லை. ஆனாலும் பேசியது.

"உஷா. அவங்களையும் உள்ள கூப்பிடு."

முதல் படியில் இருந்த கிழவி கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். அவள் நகங்கள் நீலமாக இருந்தன. அடுத்து பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அடுத்த படி. அதற்கடுத்த படி.

உஷாராணி கதவை அறைந்து மூடப் பார்த்தாள். கதவு அசையவில்லை. அவள் தோளுக்கு மேலாக நீண்டு வந்த ஒரு கை அதைத் திறந்தபடியே பிடித்திருந்தது.