கையை விடாமல் வா

சன்சுக்குக்கு,

இதை வேன் டிரைவர் சொம்மாயிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தாலே மாலிவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். அவள் காதில் மட்டும் அல்ல.

எழுத்து கோணலாக இருக்கும். காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் மடித்து வைத்துவிடாமல் முழுக்கப் படி.

முதலில் நான் சொன்ன பொய். நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் ஒரு மாதமாகச் சொல்லிவந்தேன் அல்லவா? காய்ச்சலே இல்லை. ஜனவரி நடுவில், மலைக்கு அந்தப் பக்கம் உன் சித்தி வீட்டு விருந்துக்கு அவளைக் குகை வழியாக என் படகில் கூட்டிப் போனேன். உள்ளே வெள்ளைக் கல்தூண்களைத் தாண்டியதும் அடியில் பாறை இடித்துப் படகு சாய்ந்தது. மாலிவன் தண்ணீரில் விழுந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். பத்து எண்ணுவதற்குள் தூக்கிவிட்டேன். ஒரு வாய்த் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. ஆனால் என் தலைவிளக்கும் விழுந்து அணைந்துபோனது. அந்தப் பத்து எண்ணிக்கையும் பிள்ளை இருட்டில் இருந்தாள். இருட்டு என்றால் அவளுக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். ஏழு வயதாகியும் படி இறங்க என் விரலைப் பிடித்துக்கொள்கிறவள்.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை. வாயில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. கண் திறந்திருக்கும், ஆனால் என்னைப் பார்க்காது. நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறையில்லாத உடம்பு நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனது. தூக்கினால் காலிக் கூடையைத் தூக்குவதுபோல இருந்தது.

ஊரில் மந்திரிக்கிற கேவ் அக்கா வந்து பார்த்துவிட்டு, "உடம்பு மட்டும்தான் வீடு வந்திருக்கு தம்பி. உள்ள இருந்த உசிரு, குவான், பயந்து அங்கேயே உக்காந்திருச்சு. போய் அள்ளிக்கிட்டு வா. இந்த மாசம் தாண்டினா எனக்கே நம்பிக்கை இல்ல" என்றாள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். மீன் அள்ளும் கைவலை, பிள்ளை உடுத்திய சட்டை, ஒரு பிடி ஒட்டுச்சோறு, அவித்த முட்டை. விழுந்த இடத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வலையால் தண்ணீரை அள்ள வேண்டும். வீடு வரும்வரை பேசக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது.

"பேரைத் தவிர வேற எதுவும் சொல்லாத. கேட்டுச்சா? பேரு மட்டும்" என்று வாசற்படியில் நின்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

பயணிகள் இல்லாத வெறும் படகு குகைக்குள் போகக்கூடாது என்பது படகுச் சங்கத்து விதி. முறை வரும்வரை ஒன்பது நாள் காத்திருந்தேன்.

பிப்ரவரி பத்தொன்பது. காலை பத்து மணிக்கு வேனில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தாய்லாந்துக்காரர்கள், ஊடோனில் பள்ளி ஆசிரியர்கள். ரச்சனீ என்று ஒரு அம்மாள், அவள் கணவர். மூன்று பயணிகள் உட்காரும் படகில் ஒரு பலகை காலியாக இருந்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் அப்போது நினைத்தேன்.

முன்பக்கம் உன் தம்பி தோங்தம். வழக்கம்போல வாய் ஓயவில்லை.

"அண்ணே, மேல பாக்கும்போது வாய மூடிக்கிட்டுப் பாருங்க. எங்க வௌவாலுங்களுக்கு விருந்தாளின்னு மரியாதை கிடையாது."

"உன் வாய் திறந்தேதானே இருக்கு?" என்றார் அவர்.

"எனக்குப் பழகிப்போச்சுண்ணே. உப்புதான் கொஞ்சம் கம்மி."

அந்த அம்மாள் சிரித்தாள். பிறகு என் காலடியில் இருந்த வலையையும் சின்னச் சட்டையையும் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவர்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. "யாருக்குத் தம்பி?" என்று மெல்லக் கேட்டாள். "மகளுக்குங்க" என்றேன். கும்பிட்டுவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

போகும்போது ஒன்றும் இல்லை. ஏழு கிலோமீட்டர் இருட்டு, மோட்டார் சத்தம், ஈரக் கல்லும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. கூழாங்கல் மேட்டில் எல்லாரும் இறங்கி, நானும் தோங்கும் படகை இழுத்தோம். இரண்டே இழுப்பில் ஏறிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள். அந்தப் பக்கம் அவர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். நான் வலை முடிச்சுகளைச் சரிபார்த்தேன். ஒரு மணிக்குத் திரும்பினோம்.

விழுந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தினேன்.

மோட்டார் நின்றால் அந்தக் குகை எப்படி என்று பயணிகளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். எங்கோ ஒரு சொட்டு விழும். அது விழுந்து முடிந்த பிறகும் காதுக்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

சோற்றையும் முட்டையையும் பாறைமேல் வைத்தேன். சட்டையை வலைக்குள் வைத்துத் தண்ணீரில் இறக்கினேன்.

"மாலிவன். மாலிவன். மாலிவன்."

அள்ளினேன். தண்ணீர் வழிந்தது. ஈரச் சட்டை மட்டும் இருந்தது.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அள்ளினேன். ஏழு தடவை. வலையில் ஒரு கனமும் இல்லை.

"மச்சான்" என்றான் தோங் மெதுவாக. "நேரமாகுது. பின்னால வேற படகு வந்துரும்."

இந்த முறை விட்டால் அடுத்த முறைக்கு இன்னும் ஒன்பது நாள். பிள்ளைக்கு ஒன்பது நாள் இல்லை, சன்சுக். தலைவிளக்கின் வட்டத்துக்கு வெளியே பார்த்தேன். என் பிள்ளை ஒரு மாதமாக அந்தக் கருப்புக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடுவது கேட்கிறது. தனியாக எழுந்து வரத்தான் பயம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நீயாக இருந்தால் சும்மா இருந்திருப்பாயா?

நான் வாயைத் திறந்தேன்.

"பயமா இருந்தா தனியா வராதடா கண்ணு. பக்கத்துல யாராச்சும் இருந்தா அவங்க கையைப் புடிச்சுக்கோ. கையை விடாம வா. அப்பா இங்கதான் நிக்கிறேன்."

சொட்டு விழுவது நின்றது.

வலை கனத்தது.

தூக்கினேன். உள்ளே சட்டைதான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த துணி, தூங்கி எழுந்த பிள்ளையின் உடம்புபோல வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. காலிப் பலகையில் வலையை வைத்தேன்.

படகு லேசாகத் தாழ்ந்தது.

பிறகு இன்னொரு தடவை தாழ்ந்தது.

பிறகு இன்னொரு தடவை.

இருபது வருடம் இந்தப் படகை ஓட்டியிருக்கிறேன். மூன்று பேர் ஏறினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இருக்கும். இரண்டு பேர்தான் ஏறியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஒரு விரல்தான் இருந்தது. காலிப் பலகை நடுவில் வளைந்திருந்தது.

மோட்டாரைப் போட்டேன். தோங்கூடப் பேசவில்லை. ரச்சனீ அம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து கணவர் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

"தம்பி," என்றாள், திரும்பாமலே. "எனக்குப் பின்னால எத்தனை பேர் இருக்காங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பேசக்கூடாது என்பதால் மட்டும் அல்ல.

கூழாங்கல் மேடு வந்தது. இறங்கி இழுத்தோம். படகு அசையவில்லை. அந்த அண்ணனும் வந்து பிடித்தார். அசையவில்லை. அம்மாளும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தாள். நான்கு பேர், ஆளில்லாத ஒரு படகை, விரல் விரலாக இழுத்தோம்.

அப்போதுதான் பின்னால் கேட்டது. ஆழமில்லாத தண்ணீரில் ஒருவர் நடக்கும் சத்தம். அவர் பின்னால் இன்னொருவர். அவர் பின்னால் இன்னொருவர். அவசரமே இல்லை. கூட்டமாகவும் இல்லை. ஒரே வரிசையில்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன்.

துறையில் இறங்கியதும் அந்த அம்மாள் தன் மணிக்கட்டில் இருந்த வெள்ளை நூலை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். "குழந்தை கையில கட்டுங்க, குவான் உடம்பை விட்டுப் போகாது" என்றாள். படகைப் பார்த்தாள். "ஒரு நூல் பத்தாது தம்பி."

வீட்டுக்கு ஓடினேன். சட்டையைப் பிள்ளை நெஞ்சில் போர்த்தினேன். அவள் இமைத்தாள். என்னைப் பார்த்தாள், சன்சுக். என்னைப் பார்த்து, "அப்பா, பசிக்குது" என்றாள்.

அன்று கேவ் அக்கா அழுதாள், நான் அழுதேன். ஒரு கூடைச் சோறு தின்றாள் பிள்ளை. நூல் கட்ட இரண்டு கையையும் நீட்டச் சொன்னோம். வலது கையை மட்டும் நீட்டினாள். இடது கை முதுகுக்குப் பின்னால் மூடியிருந்தது.

"அதையும் குடுடி செல்லம்."

"அது வேணாம் பெரியம்மா. அதை அவங்க புடிச்சிருக்காங்க."

"யாரு?"

"அப்பா கூட்டிட்டு வரச் சொன்னவங்க."

கேவ் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நூலைக் கீழே வைத்துவிட்டாள்.

நேற்றுவரை நாற்பத்தோரு நாள். மாலிவன் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள், பள்ளிக்கூடமும் போகிறாள். எல்லாம் ஒரு கையால்தான். பாய் ஓரத்தில் படுத்துக்கொண்டு நடுவில் இடம் விடுகிறாள். அந்த இடம் விடியும்போது நனைந்திருக்கிறது. ஏப்ரல் வெயிலில் புகையிலை வயல் வெடித்துக் கிடக்கிறது. ஆனால் துறையிலிருந்து நம் வீட்டுப் படி வரைக்கும் ஒரு ஆள் அகலத்துக்கு மண் காய்வதே இல்லை.

ஒரு நாள் அந்த விரல்களை நான் பிரிக்கப் பார்த்தேன். உள்ளங்கை நாள்கணக்கில் நீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு விரல் விலகியதும் அவள் கண் மறுபடி அந்தப் பார்வைக்குப் போய்விட்டது. பயந்து மூடிவிட்டேன்.

"விட்டா நானும் அவங்ககூடப் போயிடணும்பா. விடாதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எத்தனை பேருடா இருக்காங்க?"

"தெரியல. ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிருக்காங்க. கடைசி ஆள் இன்னும் குகைக்குள்ளதான் இருக்காங்களாம்."

திருப்பி அனுப்ப வழி உண்டா என்று கேவ் அக்காவிடம் கேட்டேன். "அனுப்பணும்னாலும் பேர் சொல்லித்தான் அனுப்பணும். யாரு பேரைச் சொல்லுவ?" என்றாள். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து அந்தக் குகைக்குள் எத்தனை குடும்பம் ஓடி ஒளிந்தது, எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று நம் ஊரில் யாரும் கேட்டதில்லை. தோங்தம் இப்போது படகு ஏறுவதில்லை. வாயும் திறப்பதில்லை.

நேற்று மாலிவன் கேட்டாள்: "அம்மா புத்தாண்டுக்கு வருதா? வந்தா நான் அம்மா கையப் புடிச்சுக்கறேன். வரிசை முன்னால நகரணும்ல?"

அதற்குமேல் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று மதியம் அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன்: "அவங்க கையை அப்பா புடிச்சுக்கறேன்டா. நீ விட்டுடு. அப்பாதானே கூப்பிட்டேன்? அப்பாகிட்ட வரச் சொல்லு."

அவள் தன் இடப்பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். "நான் தூங்கும்போது மாத்திக்கறாங்களாம்" என்றாள். வலது கையால் என் இடது கையைப் பிடித்துக்கொண்டே பாயில் படுத்தாள். தாளைத் தொடைமேல் வைத்து ஒரு கையால் எழுதுகிறேன். அதனால்தான் இந்தக் கோணல்.

அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை என்றால் நீ வராதே, சன்சுக். அங்கேயே இரு. ஓடிவந்து அவள் கையைப் பிடிப்பாய். அதற்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

மாலிவன் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துவிட்டாள். இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள். இரண்டு கையையும். இடது விரல்கள் விரிந்திருக்கின்றன. மூச்சு சீராக வருகிறது.

நீ வா. சொம்மாய் வேனிலேயே ஏறி நாளைக்கே வா. படியில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, பெயர் மட்டும். தூக்கிக்கொண்டு போய்விடு. நான் என்ன சொன்னாலும் கேட்காதே. அழுதாலும் கிட்டே வராதே. என் கையைப் பிடிக்காதே.

தாள் நழுவிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னொரு கை இல்லை.

கம்பான்