ஞாயிற்றுக்கிழமைக் காவல்

கடலோர எல்லைச் சாவடிகளை மேற்பார்வையிடும் அரசுப் பிரிவின் தஞ்சாவூர் அலுவலகத்துக்கு சாஜிதா வந்தபோது, அவள் கையில் கணவனின் புகைப்படம் மட்டுமே இருந்தது. அதிகாரி ஹம்சத்வனி நாற்காலியைக் காட்டினார். உதவியாளன் நாணு ஆர்வமாகக் குறிப்பேட்டைத் திறந்தான்.

"வெள்ளாம்படுகை சாவடிக் காவலர் ஃபாஜில், என் வீட்டுக்காரர். பத்து நாளா காணோம். படகோட அக்கரைக்கு ஓடிட்டாருன்னு எழுதிட்டாங்க. எங்க ஊர் கூத்தாநல்லூர்ல எம் பிள்ளைய கடத்தல்காரன் மவன்னு கூப்பிடுறாங்க மேடம்."

"கடைசியா எப்பப் பேசினீங்க?"

"சனிக்கிழமை காலையில. அன்னிக்கு சாயங்காலம் ரமலான் பிறை தெரியல, ஞாயிறு இல்ல, திங்கட்கிழமைதான் முதல் நோன்புன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மீன் ஆணம் காய்ச்சிட்டு, அவரை வெறுப்பேத்தலாம்னு போன் போட்டேன். எடுக்கல. சிக்னல் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

மறுநாள் காலை, உளுந்து முளைத்த வயல்களைத் தாண்டி ஜீப் போனது. நிலம் முடிந்த இடத்தில் அலையாத்திக் காடு தொடங்கியது. காற்றே இல்லை. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தங்களைப் பார்ப்பதுபோல நாணுவுக்குத் தோன்றியது.

சாவடியில் ஃபாஜிலோடு பணியாற்றியவர் தலைமைக் காவலர் ரகுராமன் மட்டும்தான். "ஞாயிறு முழுக்க என் பக்கத்துலதான் இருந்தாரு. திங்கள் விடிஞ்சா ஆளும் இல்ல, படகும் இல்ல," என்றார்.

நாணு பதிவேட்டை வாசித்தான். மணிக்கு மணி, 'ஃபாஜில் காவலில். எல்லாம் அமைதி.' சனி மாலை நான்குக்குத் தேநீர் இடைவேளை. ஞாயிறன்று அது இல்லை; பதிலாக ஆறரைக்கு, நோன்பு திறக்க இடைவேளை. பக்கத்தின் அடியில் ஹம்சத்வனியும் நாணுவும் வேலை பார்க்கும் பிரிவின் முத்திரையே இருந்தது: 'சரிபார்க்கப்பட்டது.'

ஹம்சத்வனி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே 'முதல் நோன்பு' என்று அச்சாகியிருந்தது.

"நாணு, அந்த ஞாயித்துக்கிழமை யாருக்கு நோன்பு?"

"ஃபாஜிலுக்குத்தான்..." நாணு நிமிர்ந்தான். "இல்லையே! பிறைதான் தெரியலையே!"

"காலண்டர் போன வருஷமே அச்சடிச்சது. பக்கத்துல ஃபாஜில் இருந்திருந்தா, அன்னிக்கு நோன்பு இல்லைன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஞாயிறு நடந்ததை இவர் எழுதல. காலண்டரைப் பார்த்து, ஞாயிறு வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டாரு."

ரகுராமன் உட்கார்ந்துவிட்டார். "என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க மேடம். சனி மத்தியானமே எழுதி வச்சுட்டுக் கிளம்பிட்டேன். திங்கள் வந்து பார்த்தா அவரு இல்ல. எழுதினதை எப்படி மாத்துறது? மேலேர்ந்து பக்கத்தைத்தானே பார்க்கிறாங்க, ஆளையா பார்க்கிறாங்க?"

"பொய் எழுதும்போதுகூட அவர் நோன்பு திறக்க நேரம் விட்டிருக்கீங்க," என்றார் ஹம்சத்வனி மெதுவாக. ரகுராமன் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்ப சனி மத்தியானத்துக்கு அப்புறம் அவரை யாருமே பார்க்கல. சனி மாலை ரோந்து எந்தப் பக்கம்?"

நாணு முறைப்பட்டியலைத் தேடினான். "காட்டு வாய்க்கால், மேடம். ஞாயிறுதான் கடல். ஞாயிறு வரைக்கும் அவர் இருந்தாருன்னு நம்பி, பத்து நாளா கடல்ல மட்டுமே தேடியிருக்காங்க!"

இரண்டு மணி நேரத்தில் காட்டு வாய்க்காலில் படகு கிடைத்தது. வேர்களுக்கும் படகின் இயந்திரத்துக்கும் நடுவே கால் நசுங்கி, ஃபாஜில் இறந்துகிடந்தார். சட்டைப்பையில், பாலித்தீன் உறைக்குள், அவருடைய கைக்குறிப்பு.

'ஓடவில்லை; பணியில் இறந்தார்' என்று திருத்திய அறிக்கையோடு, பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் அந்தக் கைக்குறிப்பையும் ஹம்சத்வனி சாஜிதாவிடம் கொடுத்தார். அவள் விரல் வைத்து வாசித்தாள்.

'ஞாயிறு காலை 7. சந்தேகப் படகு எதுவும் இல்லை. சாவடிக்கு விசில் அடித்தேன். 10. சந்தேகப் படகு எதுவும் இல்லை. விசில் அடித்தேன். மாலை 4. சந்தேகப் படகு எதுவும் இல்லை.'

அதற்குப் பிறகு எழுத்து இல்லை.

"இத்தனை தடவை விசில் அடிச்சிருக்காரே. யாருக்குமே கேட்கலையா?"

"கேட்க அங்க யாரும் இல்லம்மா."

"இருந்தாங்கன்னு எழுதினதுக்கு நீங்க முத்திரை குத்தியிருக்கீங்களே," என்றாள் சாஜிதா.